கத்தலுக்கு முந்தின பத்து நொடி

ரியாலிட்டி ஷோவில் ஒரு கறுப்பினப் பெண் மேசையைத் தட்டி எழுந்து கத்தும் காட்சி வந்தால், ரிமோட்டை எடுத்துப் பத்து நொடி பின்னால் போங்கள். கத்தலை மறுபடி பார்க்க வேண்டியதில்லை, அது எப்படியும் நாளைக்கு வாட்ஸாப்பில் வரும். அதற்கு முன்னால் யார் என்ன சொன்னார் என்று மட்டும் தேடுங்கள். பல நேரம் அங்கே ஒன்றும் இருக்காது. கடல் தெரியும், வைன் ஊற்றும் ஒரு கை தெரியும், இன்னொருத்தியின் புருவம் உயரும், உடனே கத்தல். வீட்டில் சின்னம்மா யாராவது இருந்தால் இந்த இடத்தில் சொல்லுவார்: "இவளுக்கு எப்பப் பாத்தாலும் சண்டைதான்." அந்த வரியைச் சின்னம்மா வாயில் எடுத்துக் கொடுத்தவர் எடிட்டர்.

ஷோமேக்ஸ் ஸ்ட்ரீமிங்கும் டிஎஸ்டிவி சானல்களும் ஓடும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ் வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் உறவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் வீட்டுக்குள், சமையலறைக்குள், கல்யாணத்துக்குள் நாம் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் டிவி வழியாகத்தான். அதனால் அந்த ஜன்னல் கண்ணாடி எங்கே வளைந்திருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஒரு காட்சி எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். டர்பனை ஒட்டிய கடற்கரை ஊரான அம்ஷ்லாங்காவில் ஒரு ரெஸ்டாரன்ட், ஆறு பெண்கள், இரவு விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேமரா. ஆளுக்கொரு மைக், உடைக்குள்ளே ஒளித்து ஒட்டியது. ஒவ்வொன்றும் தனி டிராக்கில் பதிவாகும். நான்கு மணி நேரம் படப்பிடிப்பு. ஆக 12 மணி நேரப் படமும் 24 மணி நேர ஒலியும் கையில் இருக்கின்றன. திரைக்கு வருவது நான்கு நிமிடம்.

அந்த மேசையில் நடந்தது இது. முதல் மணி நேரத்தில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் மெல்லக் கேட்கிறாள், "உன் கடை இன்னும் ஓடுதா?" மற்றவள் சிரித்து விடுகிறாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அதே கேள்வி, இந்த முறை இன்னொருத்தி பக்கம் சாய்ந்து, கேட்கிற மாதிரி. அதற்கும் சிரிப்பு. மூன்றாவது முறை புருஷன் பேரும் கடன் பேச்சும் சேர்ந்து வருகின்றன. "இந்தப் பேச்சு வேண்டாம்" என்கிறாள் அவள். நான்காவது முறை எழுந்து கத்துகிறாள்.

எடிட் அறையில் இந்த நான்கில் எது மிஞ்சும்? முதல் இரண்டும் குசுகுசுப்பு. பின்னால் தட்டுச் சத்தம், சிரிப்பு, ரெஸ்டாரன்ட் பாட்டு. கேமராக்காரர்கள் அந்த நேரம் வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், ஏனென்றால் குசுகுசுப்பைக் கேட்டு யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. படமே இல்லாத வசனத்தை எப்படிக் காட்டுவது? போய்விட்டது. மூன்றாவதில் புருஷனின் கடன் வருகிறது. அது அவதூறு வழக்காகலாம் என்று வக்கீல் கோடு போட்டுவிடுவார். அதுவும் போயிற்று. கத்தல் மட்டும் மூன்று கேமராவிலும் இருக்கிறது, ஒலி சுத்தம், சட்டச் சிக்கல் கிடையாது. சீண்டினவள் தப்பித்தாள், சீண்டப்பட்டவள் மாட்டினாள்.

இங்கே யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். கருவிகளே சத்தத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. சதி என்று ஒன்று இருந்தால் அது இதற்கும் முன்னால், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிட்டது. ஸ்டோரி புரொட்யூசர் என்று ஒருவர் இருப்பார். படம்பிடிக்கும் முன்பே யாருக்கும் யாருக்கும் உரசல் வரலாம் என்று தாளில் குறித்து வைத்திருப்பார். சில வாரப் பதிவு முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேடம் விழுந்துவிடும்: இவள் சிரிப்பு, இவள் கண்ணீர், இவள் சண்டை. அதன் பிறகு 'சண்டை'க்காரி அழுத காட்சி வந்தால் கதைக்கு உதவாது என்று ஒதுங்கும். கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மூன்றாவது வேடம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விழுகிறது. பார்ப்பவர் மனதில் அந்த வேடம் ஏற்கெனவே தைத்து மாட்டியிருக்கிறது, அளவெடுக்கும் வேலை மிச்சம்.

அந்தத் தையல் பழசு. அமெரிக்காவில் 'ஏமஸ் அன்ட் ஆன்டி' என்ற வானொலி நகைச்சுவைத் தொடர் 1928-ல் தொடங்கியது. கறுப்பினப் பாத்திரங்களை எழுதிப் பேசிய முக்கியமான இருவரும் வெள்ளைக்காரர்கள். அதில் கிங்ஃபிஷ் என்று ஒரு எத்தன், அவன் மனைவி சஃபயர். 1951-லிருந்து 1953 வரை டிவியிலும் ஓடியது. ஊரை ஏமாற்றிக் காசைத் தொலைத்துவிட்டு வரும் புருஷனைத்தான் சஃபயர் திட்டுகிறாள். காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஜனங்கள் நினைவில் வைத்துக்கொண்டது திட்டை மட்டும். இன்றைக்கும் அமெரிக்க ஆய்வாளர்கள் கோபக்காரக் கறுப்பினப் பெண் என்ற வார்ப்புக்கு 'சஃபயர்' என்றே பெயர் சொல்கிறார்கள். ரியாலிட்டி டிவி புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எழுத்தாளரை நிறுத்திவிட்டு எடிட்டரை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

2004-ல் 'தி அப்ரென்டிஸ்' முதல் சீசனில் ஒமரோசா வந்தார். குடும்பப் பெயர் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு வில்லியாக நிலைத்தார். 2006-ல் 'ஃப்ளேவர் ஆஃப் லவ்' என்ற காதல் போட்டி ஷோவில் டிஃப்பனி போலார்ட் இரண்டு சீசனிலும் கடைசிச் சுற்றில் தோற்றார். அடுத்த வருஷமே அவரை நடுவில் வைத்துத் தனி ஷோ வந்தது. தோற்றவளுக்கு ஷோ கொடுத்ததிலிருந்தே தெரியும், சானல் வாங்கியது காதல் கதையை இல்லை என்று. 2008 அக்டோபரில் 'ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் அட்லான்டா' வந்தபோது இந்த வார்ப்புக்கு மாளிகையும் விக்கும் கிடைத்தன.

கத்தாமல் இருந்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். 2005-ல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நாலாவது சீசனில் டிஃப்பனி ரிச்சர்ட்சன் வெளியேற்றப்பட்டபோது அழவில்லை, லேசாக எடுத்துக்கொண்டார். அதற்காகவே நடுவர் டைரா பேங்ஸ் அவரை நிற்க வைத்துக் கத்தினார். இருவரும் கறுப்பினப் பெண்கள். கத்தியதும் காட்சியாயிற்று, கத்தாததும் குற்றமாயிற்று. 'தி பேச்சிலரெட்'டில் 2017-ல் ரேச்சல் லிண்ட்சே முதல் கறுப்பின நாயகியாக வந்தார். 'பேச்சிலர்' வரிசை 2002-ல் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவருடைய கடைசி எபிசோடில் நிச்சயதார்த்தத்தைவிட, பிரிந்து போனவனோடு நடந்த கண்ணீர்ப் பேச்சுக்கே எடை அதிகம். கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பாரி வைத்து முடித்தார்கள்.

சரி, வீட்டிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் ஒட்டுப்போட்ட வசனம். தொழிலில் இதற்கு ஃபிராங்கன்பைட் என்று பெயர். தனி நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் கன்ஃபெஷனலில், ஒரே நாளில் மணிக்கணக்காகக் கேள்வி கேட்பார்கள். கேள்வியையும் பதிலுக்குள் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்வார்கள். புரொட்யூசர் குரலை வெட்டிவிட்டால் பிள்ளை தானாகவே புறம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். உடையையும் நகையையும் மாற்றாமல் வைத்திருப்பது இன்னொரு வசதி: வேறு வேறு நாள் பேசியதை ஒன்றாகத் தைக்கலாம். "அவளை எனக்குப் பிடிக்கும், ஆனா சில நேரம் சகிக்க முடியல" என்பதில் நடுவில் கத்தரி வைத்தால் "அவளை எனக்குச் சகிக்க முடியல" ஆகிவிடும்.

ஒட்டைக் கண்டுபிடிக்கக் கண்ணை மூடிக் கேளுங்கள். தமிழில் பேசினாலும் ஜுலுவில் பேசினாலும் மனிதக் குரல் பெரும்பாலும் வாக்கிய முடிவில் இறங்கும். முடிவு இறங்காமல் அந்தரத்தில் நின்றால் அங்கே வெட்டு இருக்கலாம். இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு காணாமல் போயிருந்தாலும் அப்படியே. பின்னணியில் ஏசி இரைச்சல் சட்டென்று மாறினால் இரண்டு வேறு நேரத்துப் பதிவு. பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்: பேச்சு அவள் முகத்தில் தொடங்கி, பாதி வாக்கியத்தில் படம் வேறெங்கோ போய், குரல் மட்டும் தொடர்ந்தால், அந்த மறைந்த பாதியில்தான் தையல். முக்கியமான குற்றச்சாட்டைச் சொல்லும்போது உதடு தெரியவில்லை என்றால் அந்தக் குற்றச்சாட்டைப் பாதி விலைக்கு வாங்குங்கள்.

அடுத்தது திருட்டு முகபாவம். ஒருத்தி பேச, இன்னொருத்தி கண்ணை உருட்டுவதைக் காட்டுவார்கள். அந்தக் கண் உருட்டல் வெயிட்டர் தாமதமானதற்காக இருக்கலாம். கிளாஸைப் பாருங்கள்: முந்தின ஷாட்டில் பாதி இருந்த வைன் இப்போது நிறைந்திருக்கிறதா? ஒரு காதணி இடம் மாறியிருக்கிறதா? விக்கின் வகிடு மாறியிருக்கிறதா? ஜன்னல் வெளிச்சம்? அவள் பார்வை எந்தத் திசையில் போகிறது, பேசுகிறவள் அந்தத் திசையில்தான் உட்கார்ந்திருக்கிறாளா? நம்மூர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. ஒரு வசனத்துக்கு ஏழு முகத்தை மூன்று தடவை இடியோடு காட்டும் தொடர்களைப் பார்த்து வளர்ந்த கண் இது. தொடரில் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ரியாலிட்டி ஷோவில் அதே வித்தையை நம்பிவிடுகிறோம், ஏனென்றால் மேலே 'ரியாலிட்டி' என்று எழுதியிருக்கிறது.

இசைக்கு ஒரே சோதனை போதும். இரண்டு சண்டையை ஒலி இல்லாமல் பாருங்கள், பிறகு ஒலியோடு பாருங்கள். வெளிர்நிறப் பெண் கோபப்பட்டால் வயலினைக் கிள்ளும் குறும்பு இசையும், கறுத்த பெண் கோபப்பட்டால் அடிவயிற்று டிரம்ஸும் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா ஷோவிலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பாதியில் அப்படி இருந்தாலே போதும், காது பழகிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரெஸ்டாரன்ட் மேசையில் வெள்ளைத் துணி, வெளிறிய முகம் ஒன்று, மாநிறம் ஒன்று, நல்ல கறுப்பு நான்கு. வெளிறிய முகத்துக்கு அளந்து கேமராவை வைத்தால் கறுத்த முகம் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இருட்டில் விழும். பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும், முகத்தின் மெல்லிய அசைவுகள் போய்விடும். கூரையிலிருந்து நேர் கீழே விழும் விளக்கு இன்னும் மோசம்: நெற்றி பளபளக்கும், கண்குழி கறுக்கும், வெள்ளைவிழி மட்டும் தெறிக்கும். அமைதியாக உட்கார்ந்திருப்பவளும் முறைக்கிற மாதிரித் தெரிவாள். சரியான வைத்தியம் முன்னாலிருந்து இன்னும் விளக்கைக் கொட்டுவது இல்லை. கறுத்த தோல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் மினுமினுப்பில்தான் அழகாகத் தெரியும். அதனால் அகலமான மென்விளக்கைப் பக்கவாட்டில் வைப்பார்கள், பவுடரைக் குறைத்து ஈரப்பதக் கிரீம் போடுவார்கள். அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். மேக்கப் பெட்டியில் அவள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் இல்லையென்றால் முகம் சாம்பல் பூத்து நிற்கும். நம் கல்யாணங்களில் பெண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி மேக்கப் போட்டுக் கழுத்தை மறந்துவிடுவார்களே, அதே கதை.

இது கருவிக்குள்ளேயே இருந்த சாய்வு. கோடக் கம்பெனி படம் கழுவும் கடைகளுக்கு நிறம் ஒத்துப்பார்க்க அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம்தான். 'ஷெர்லி கார்டு' என்று பேர். நம் தென்னாப்பிரிக்கக் கதை இதைவிடக் கசப்பு. போலராய்டின் ஐடி-2 கேமராவை, இனவொதுக்கல் காலத்தில் ஆப்பிரிக்கர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியிருந்த பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்க அரசு பயன்படுத்தியது. அதில் ஃபிளாஷைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருந்தது. கறுத்த முகத்தை நன்றாக எடுக்கத் தெரியும், எதற்காக எடுக்கிறோம் என்பதுதான் விஷயம். 1970-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனித் தொழிலாளர்களே போராட்டம் தொடங்கினார்கள். 1977-ல் போலராய்ட் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

இனி சப்டைட்டில். டர்பன் ஷோக்களில் இதுதான் பெரிய ஓட்டை. பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி, கோபம் வரும்போது ஜுலுவுக்குத் தாவும். கீழே வரும் ஆங்கில எழுத்துக்குத் திரையில் இரண்டு வரிதான் இடம், படித்து முடிக்க ஓரிரு நொடிதான் நேரம். அதனால் சுருக்குவார்கள். சுருக்கும்போது முதலில் பறப்பது மரியாதை. 'உங்காங்கிஜ்வயேலி' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்னோடு ரொம்பப் பழகிவிடாதே'. நம் வீட்டில் "ரொம்ப உரிமை எடுத்துக்காதே" என்போமே, கிட்டத்தட்ட அதே. எல்லை மீறின ஒருவரிடம் சொல்லும் எச்சரிக்கை. சப்டைட்டிலில் மிரட்டலாக வரும். 'உயாங்கிதெலெலா' என்பது 'என்னை இளக்காரமாக நடத்துகிறாய்'. அதில் இருக்கும் காயம் இரண்டு வரிக்குள் அடங்காது.

'உத்தாண்டோ நெஸ்தெம்பு' பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017-ல் மசான்சி மேஜிக் சானலில் தொடங்கிய ஷோ, மூசா ம்செலெகுவும் அப்போதிருந்த அவருடைய நான்கு மனைவியரும். மாசெலே, மாயெனி, மாகுமாலோ, மாங்வாபே என்றுதான் அவர்களை அழைக்கிறார்கள். முன்னால் வரும் 'மா' பிறந்த குலப்பெயரோடு சேர்ந்த மரியாதை. கல்யாணம் ஆன பெண்ணை அந்த 'மா' இல்லாமல் மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நம் வீட்டில் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல. மருமகள் மாமனார் பெயரின் ஒலியைக்கூட வாயில் எடுக்காத 'ஹ்லொனிபா' வழக்கமும் ஜுலுவில் உண்டு. புருஷன் பேர் சொல்லாத நம் பாட்டிமாருக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. ஒருத்தி திடீரென்று குரலை உயர்த்துகிறாள், காரணம் தெரியவில்லை என்றால், முந்தின வாக்கியத்தில் அவளை என்னவென்று அழைத்தார்கள் என்று கேளுங்கள். காரணம் அங்கே இருக்கலாம், சப்டைட்டிலில் இருக்காது. ஜுலு தெரிந்த யாரிடமாவது கேட்பது இன்னும் நல்லது. நூற்றுக்கணக்கான வருஷம் இல்லையென்றாலும் 1860-ல் முதல் இந்தியத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து பக்கத்தில் இருக்கிற மொழி.

இன்னொன்றையும் பாருங்கள்: ஆங்கிலத்திலேயே பேசும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்குச் சப்டைட்டில் போடுகிறார்களா? வெள்ளைக்காரிக்கு இல்லாமல் இவளுக்கு மட்டும் போட்டால், 'இவள் பேசுவது சரியான ஆங்கிலம் இல்லை' என்று எழுதாமல் எழுதியாகிவிட்டது. சாட்ஸ்வொர்த் உச்சரிப்புக்கும் அதே கதி என்பதால் இது நமக்குச் சீக்கிரம் உறைக்க வேண்டும்.

'ரியல் ஹவுஸ்வைவ்ஸ்' ஆப்பிரிக்காவுக்கு வந்தது 2018-ல், ஜொகன்னஸ்பர்க் வழியாக. டர்பன் பதிப்பு 2021 ஜனவரி 29-ல் ஷோமேக்ஸில் தொடங்கியது. முதல் சீசனில் ஆறு பெண்கள், அதில் இந்திய வம்சாவளி சொரீஷா நாயுடு ஒருவர். அட்லான்டா முதல் சீசனில் ஐந்து பேர், அதில் வெள்ளைக்காரி கிம் ஸோல்சியாக் ஒருவர். இந்த 'ஒருவர் மட்டும்' கணக்கு இந்த வகை ஷோக்களில் தெரிந்தே போடப்படுவது. வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கூட்டத்துக்கு உள்ளே ஒரு ஜன்னல் வேண்டும். அதன் பக்கவிளைவு என்னவென்றால், ஜன்னலாக இருப்பவள் கோபப்பட்டால் அவள் கோபப்பட்டாள் என்கிறோம். மற்றவள் கோபப்பட்டால் 'இவங்க எல்லாம் இப்படித்தான்' என்கிறோம். இந்தச் சீசனை மறுபடி பார்க்கிறவர்கள் அந்த இரண்டு வாக்கியமும் வீட்டில் எத்தனை முறை விழுகின்றன என்று எண்ணுங்கள். டிவியில் எண்ண வேண்டாம், சோபாவில் எண்ணுங்கள்.

'கறுப்பு' என்ற சொல்லையே இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டும். இந்த நாட்டுச் சட்டத்தில், 2003-ன் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டப்படி, ஆப்பிரிக்கர், கலப்பினத்தவரான கலர்ட், இந்தியர் மூவரும் 'பிளாக்'. அதற்கு முன்பே கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோவோடு நின்ற டர்பன் இந்தியர்கள் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் தங்களைக் கறுப்பர் என்றே சொல்லி ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். டெண்டர் படிவத்தில் நாம் கறுப்பு, வரவேற்பறையில் கறுப்பு அடுத்த வீட்டுக்காரி. பழைய ஆட்கள் வாயில் இன்னும் வரும் 'காப்பிரி' என்ற சொல்லும் ஆப்பிரிக்கரை இழிக்கும் அந்தக் கே எழுத்து வசவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். அந்த வசவுக்காக 2018-ல் விக்கி மோம்பெர்க் என்ற வெள்ளைக்காரி சிறைத் தண்டனை பெற்றார். தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்ற தைரியம் டர்பனில் அதிக நாள் ஓடாது.

பெண்களைப் பொம்மைகளாக நினைப்பதும் தப்பு. அவர்களில் பலர் இந்த வியாபாரத்தை எடிட்டரைவிட நன்றாக அறிந்தவர்கள். அட்லான்டாவின் நீநீ லீக்ஸ் அந்த வாய்ச்சாலத்தை வைத்தே 2014-ல் பிராட்வே மேடை ஏறினார். மாகுமாலோ ஒரு ஷோவோடு நிற்காமல் டர்பன் ஹவுஸ்வைவ்ஸ் இரண்டாம் சீசனுக்கும் வந்தார். தயாரிப்பாளர் நாற்காலியிலும் கறுப்பினப் பெண்கள் உண்டு: 'பாஸ்கெட்பால் வைவ்ஸ்' ஷானி ஓ'நீலுடையது, 'லவ் அன்ட் ஹிப் ஹாப்' மோனா ஸ்காட்-யங்குடையது. அதனால் சண்டை குறைந்துவிடவில்லை. நாற்காலியில் ஆள் மாறலாம், நாலு நிமிடக் கணக்கு மாறவில்லையே. அதே நேரம் மாளிகைக்காரிக்கும் மற்றவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஹவுஸ்வைஃப் விற்க ஒரு வாசனைத்திரவியமாவது வைத்திருப்பாள், அடுத்த சீசனில் தன் பக்கத்தைச் சொல்லலாம். மோஜா லவ் சானலில் 2019-ல் தொடங்கிய 'உயாஜோலா 9/9' போன்ற ஷோவில், கள்ளத்தொடர்பைப் பிடிக்கப் போகும் கேமராவுக்கு முன் நிற்கும் டவுன்ஷிப் பெண்ணுக்கு ஒரே ஓர் இரவுதான். அவள் பக்கம் சொல்ல அடுத்த எபிசோட் கிடையாது.

எதிர் உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2003-ல் எம்-நெட்டின் முதல் 'பிக் பிரதர் ஆப்பிரிக்கா'வில் 12 நாட்டிலிருந்து 12 பேர். ஜெயித்தது ஜாம்பியாவின் செரீஸ் மகுபாலே, பரிசு ஒரு லட்சம் டாலர். நாள் முழுக்க ஓடும் நேரலைச் சானல் இருந்ததால், இரவுத் தொகுப்பில் விட்டதைப் பார்ப்பவர் தாமாகவே பார்த்துக்கொள்ள முடிந்தது. காரணமும் கத்தலும் ஒரே தட்டில் வந்தால் அமைதியான பெண்ணும் ஜெயிக்கிறாள்.

வாட்ஸாப் ஸ்டிக்கர் பற்றி ஒரு சொல். கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் டிஃப்பனி போலார்ட், கையை ஆட்டும் நீநீ, இவர்கள் யாரென்றே தெரியாமல் குடும்பக் குரூப்பில் ஓடுகிறார்கள். நம் கோபத்தையும் அலுப்பையும் நடித்துக் காட்ட இன்னொரு இனத்துப் பெண்ணின் முகம். பத்து நொடி முன்னால் போய்ப் பார்க்க அங்கே பத்து நொடியே இல்லை. இரண்டு நொடிதான் மொத்தமும். நமக்குக் கோபம் வந்தால் நம் முகத்தை அனுப்பலாம். வடிவேலு இருக்கிறார்.

எதிர்த்துக் கேட்டால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஒரு ராப் பாடகர், அவருடைய 11 பிள்ளைகள், அவர்களின் 10 தாய்மார் என்று ஆக்ஸிஜன் சானல் திட்டமிட்ட 'ஆல் மை பேபீஸ் மாமாஸ்', இணைய மனுவுக்குப் பிறகு 2013 ஜனவரியில் ஒளிபரப்பாகாமலே கைவிடப்பட்டது. 2014 டிசம்பரில் விஎச்1 தொடங்கிய 'சொரோரிட்டி சிஸ்டர்ஸ்' கறுப்பினப் பெண்களின் கல்லூரிச் சங்கங்களைச் சண்டைக் களமாகக் காட்டியது. அவர்கள் சானலோடு மல்லுக்கட்டவில்லை, விளம்பரம் கொடுத்த கம்பெனிகளைப் பிடித்தார்கள். விளம்பரங்கள் கழன்றன, அடுத்த மாதமே ஷோ முடிந்தது. இந்த வழியில் மூளை இருக்கிறது.

இங்கே ஒளிபரப்பைப் பற்றிய புகாருக்குப் பிசிசிஎஸ்ஏ, அதாவது ஒளிபரப்புப் புகார் ஆணையம் இருக்கிறது. எழுத்தில் கொடுக்க வேண்டும். 'இது எங்கள் மனதைப் புண்படுத்தியது' என்று பொதுவாக மட்டும் எழுதினால் போதாது. சானல் பெயர், தேதி, நேரம், எபிசோட், காட்சி தொடங்கும் நிமிடம் இத்தனையும் வேண்டும். பிறகு என்ன காட்டினார்கள், எது முன்பின்னாக வெட்டப்பட்டிருக்கிறது, சப்டைட்டில் சொன்னது என்ன, வாயில் வந்தது என்ன, அது ஒழுங்குவிதியின் எந்தப் பிரிவை மீறுகிறது என்று வரிசையாக எழுதுங்கள். காதணி மாறியது, கிளாஸ் நிறைந்தது, பேசும்போது உதடு தெரியாதது போன்றவற்றை நிமிடக் கணக்கோடு குறித்து வைத்த தாள் இங்கேதான் உதவும். ஷோ பிடிக்கவில்லை என்பது புகார் ஆகாது, அதை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

முப்பது நாள் கெடு. ஒளிபரப்பான தேதியிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் பார்த்த தேதியிலிருந்து இல்லை. பிவிஆரில் பதிவு செய்துவைத்து லீவில் சாவகாசமாகப் பார்க்கிறவர்கள் முதலில் பதிவின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.